மூக்கு நுனி, ஒரு சாண், ஒரு முழம்

எங்கள் தபால் அலுவலகத்தில் அக்காவுக்குச் 'சட்டம்' என்று பெயர். வைத்தவள் நான்தான். பதினான்கு வருஷமாகப் பார்சல் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு, எதிர் மேசையில் கடிதம் பிரிக்கும் அவரைப் பார்த்துப் பார்த்து, பொறுக்க முடியாமல் வைத்த பெயர். காலையில் அவர் தொப்பி வாசலில் தெரிந்ததும் "சட்டம் வந்தாச்சு" என்று யாராவது முணுமுணுப்பார்கள். உடனே கடிதக் கட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் டீக் கோப்பைகளெல்லாம் இடம் மாறிவிடும். அந்தத் தொப்பியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சீருடையோடு வந்த தொப்பியை எங்களில் பாதிப் பேர் எங்கே வைத்தோம் என்றே மறந்துவிட்டோம். பணி நேரத்தில் தொப்பி தலையில் இருக்க வேண்டும் என்று விதியில் எழுதியிருக்கிறது என்பதற்காக, வெயிலோ மழையோ மின்விசிறிக்கு அடியிலோ, அதன் விளிம்பை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு இருப்பவர் அவர் ஒருத்தர்தான்.

அவருடைய பீட்டில், அதாவது அவர் தினமும் நடந்து கடிதம் கொடுக்கும் பகுதியில், முந்நூற்றுப் பன்னிரண்டு கதவுகள். இருபது வருஷம் நடந்ததில் வலது முட்டி தேய்ந்துவிட்டது. இந்த வருஷக் கடைசியோடு நடை போதும், இனி உள்மேசை வேலைதான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். நானாக இருந்தால் அப்பாடா என்று நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்திருப்பேன். அக்கா அந்தச் சீட்டை நாலாக மடித்து, விதிப் புத்தகத்துக்குள் வைத்து மூடிவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து அவருடைய தம்பி புதுக் கேமரா வாங்கிக்கொண்டு, பழைய டிஜிட்டல் கேமராவை அக்கா தலையில் கட்டினார். லென்ஸ் இல்லாமல். வெறும் உடம்பு. "லென்ஸ் நீயே பாத்து வாங்கிக்கோ" என்றாராம். பாசத்திலும் பாதி விலைப் பாசம். கண்ணில்லாத அந்தக் கேமராவை அக்கா எட்டு மாதம் வைத்திருந்தார். வாரம் தவறாமல் அதன் பேட்டரியைச் சார்ஜ் செய்து வைத்தார் என்றால் நம்புவீர்களா? நம்ப வேண்டும், அது எங்கள் சட்டம்.

அந்தக் கேமரா கைக்கு வந்ததும் அவருக்கு ஓர் ஆசை வந்தது. பீட்டை விட்டுப் போகும் முன் மகாராணியின் முகத்தை ஒரு படம் எடுத்துவிட வேண்டும். மகாராணி என்றால் அரண்மனையெல்லாம் இல்லை. ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் தையல் மெஷின் ஓட்டும் பெண். கடிதம் வாங்கக் கீழே வரவே மாட்டார். அக்கா கீழே நின்று குரல் கொடுத்தால் மேலே ஜன்னலிலிருந்து கயிறு கட்டிய ஒரு கூடை இறங்கும். கடிதத்தைப் போட்டால் ஏறிவிடும். ஒன்பது வருஷமாக இப்படித்தான். கூடையில் சில நாள் ஊசி நூல் வரும், பையின் வார் அறுந்தால் தைத்து வரும், மழை நாளில் துண்டு வரும். ஆனால் ஆள் ஜன்னலுக்கு உள்ளே நிழலில் இருப்பார், வெளியே வெளிச்சம் கண்ணைக் கூசும், முகம் மட்டும் தெரியாது. ஆரம்பத்தில் ஒரு தடவை "மேல வரட்டுமா?" என்று அக்கா கேட்டதற்கு "வேணாம், படி ரொம்ப" என்று பதில் வந்ததாம். அதோடு சரி. கூப்பிடாத வீட்டுப் படி ஏற மாட்டேன் என்பதும் இவருடைய சட்டங்களில் ஒன்று. கீழே வர மாட்டேன் என்கிற பெண்ணுக்கு மகாராணி என்று பெயர் வைத்துவிட்டு, அந்த மகாராணியோடு தினம் பத்து நிமிஷம், கண் கூசாமல் இருக்கத் தொப்பியை இன்னும் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, கழுத்து வலிக்க அண்ணாந்து பேசிவிட்டு வருவார்.

"குரல் தெரியும், கையெழுத்து தெரியும், யார் யார் கடிதம் போடறாங்கன்னு தெரியும். மூஞ்சி தெரியாது. அதைக்கூடப் பாக்காம எப்படிப் போறது?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை.

ஆக, லென்ஸ் வேண்டும். பை சுமக்கிற நடையில் நின்று நின்று மாற்ற முடியாது என்பதால் ஒரே லென்ஸ். அதுவும் கையைக் கடிக்காத விலையில். கேமரா கடைக்காரர் நல்ல மனுஷர், பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். சின்ன எண் என்றால் அகலமாகத் தெரியும், பெரிய எண் என்றால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். பதினெட்டிலிருந்து ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் வரை போகும் சின்ன ஜூம், எல்லாவற்றிலும் மலிவு, இறகு மாதிரி கனம். பதினெட்டிலிருந்து நூற்று முப்பத்தைந்து வரை போகும் பெரியது, விலையும் எடையும் இரண்டு மடங்குக்கு மேல். மூன்றாவதாக, நகராத ஐம்பது ஒன்று. விலை குறைவு, மங்கல் வெளிச்சத்திலும் பளிச்சென்று எடுக்கும்.

"இதுல ஜூம் கிடையாது மேடம், உங்க காலுதான் ஜூம். முன்னால போய் பின்னால வந்து எடுத்துக்கணும்" என்றாராம் கடைக்காரர்.

"என் முட்டியைப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டுவிட்டு அக்கா வெளியே வந்துவிட்டார்.

பிறகு பீட் முழுக்கக் கருத்துக் கேட்டார். பல் டாக்டர், பூட்டுக் கடைக்காரர், நாலாவது சந்தில் பூனை வளர்ப்பவர் என்று எல்லாரும் சொன்னது ஒரே பதில்: அந்தச் சின்ன ஜூமை வாங்கித் தொலையுங்கள், அன்றாடத்துக்கு அது போதும். நானும் அதைத்தான் சொன்னேன். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னதால் அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இங்கேதான் ஜன்னல் உறை வருகிறது. முகவரி வெளியே தெரிவதற்காக முன்பக்கம் சதுரமாக வெட்டி மெல்லிய தாள் ஒட்டிய கடித உறை, பில் வருமே, அதுதான். அக்கா ஒரு பழைய ஜன்னல் உறையின் தாளைக் கிழித்துவிட்டு, அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். மூக்கு நுனியில் வைத்துப் பார்த்தால் என் ஜன்னல், என் தராசு, பக்கத்து அலமாரி எல்லாம் தெரிந்தன. ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் நான் மட்டும். கையை நீட்டிப் பிடித்தால் என் முகம் மட்டும். அதைத் தூக்கிக்கொண்டு கடைக்காரரிடம் போனார். அவர் ஒவ்வொரு லென்ஸாக மாட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்திருக்கிறார். மூக்கு நுனி பதினெட்டு, ஒரு சாண் ஐம்பத்தைந்து, கை நீட்டினால் ஏறக்குறைய நூற்று முப்பத்தைந்து. கணக்கு உதைக்கவே இல்லை.

"மூணாவதுக்குக் கை நீளம்னு எழுதிக்கோங்க" என்றேன் நான்.

"கடிதம் கொண்டு போறவளைக் கை நீளம்னு சொல்லலாமா? நாளைக்கு யார் பார்சலாவது காணாமப் போனா என்னைத்தானே பாப்பாங்க" என்று முறைத்துவிட்டு, 'முழம்' என்று எழுதிக்கொண்டார். முழத்தைவிட நாலு விரல் கூடத்தான் வந்தது. அதைக் கொசுறு என்று வைத்துக்கொண்டார்.

அடுத்து ஆறு வாரம் முந்நூற்றுப் பன்னிரண்டு கதவுகளுக்கு முன்னாலும் நின்று உறை வழியாகப் பார்த்தார். நான் மிகைப்படுத்தவில்லை, நோட்டு என் கண் முன்னால் இருந்தது. கடிதம் வாங்க வந்தவர்கள் தபால்காரம்மாவுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்து, ஒருவர் எங்கள் போஸ்ட் மாஸ்டருக்குப் போன் கூடப் போட்டுவிட்டார். கடைசியில் வந்த விடை: மூக்கு நுனியும் சாணும் சேர்ந்து முந்நூற்றுப் பதினொன்று. முழம் ஒன்றே ஒன்று. மூன்றாவது மாடி.

"அதாவது அந்தச் சின்ன ஜூமே போதும்னு முடிவாயிடுச்சு" என்றேன்.

"அதாவது பெருசு வேணும்னு முடிவாயிடுச்சு" என்றார் அக்கா.

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவர் எடுக்க நினைத்ததே அந்த ஒன்றைத்தான். அது எனக்குத் தெரியும்.

பெரிய லென்ஸ் அரைக் கிலோ. முட்டி தாங்குமா என்று பார்க்க, வீணாய்ப் போன படிவங்களைத் தராசில் அரைக் கிலோவுக்கு நிறுத்து, ரப்பர் பேண்ட் போட்டு, மேலே 'லென்ஸ்' என்று எழுதி, ஒரு வாரம் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார். பணி நேரத்தில் ஒரு கிலோ வரை சொந்தப் பொருள் வைத்துக்கொள்ளலாம் என்று விதியையும் தேடிப் பிடித்து வைத்திருந்தார். முட்டி ஒத்துக்கொண்டது. புதிது வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால், கடைக்காரரே வெளியூரில் ஒருவரிடம் பழசு ஒன்றைப் பேசிக் கொடுத்தார். நல்ல நிலையில் இருக்கிறது, பார்சலில் வரும் என்றார். இதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. அக்காவின் நடைக்கு ஒரு வாரம்தான் மிச்சம்.

திங்கட்கிழமை காலை பார்சல் வந்து என் ஜன்னலில் இறங்கியது. பெயரைப் பார்த்ததும் நான் துள்ளிக் குதித்து, "அக்கா, பிடிங்க" என்று நீட்டினேன்.

அக்கா முகவரியைப் படித்தார். அவருடைய வீட்டு முகவரி. அவர் வீடு அவர் பீட்டிலேயே இருக்கிறது. "இது வீட்டுல கொடுக்க வேண்டியது" என்று சொல்லிவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு வந்தது, உங்க கையில இருக்கு!"

"இப்ப என் கையில இருக்கறது தபால்காரம்மாங்கிற முறையில."

அவர் வீட்டுக்காரருக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை. காலை ஒன்பதுக்குக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பார். அவர் தூக்கம் கெடக்கூடாது என்று அக்காவே தன் முத்து முத்தான கையெழுத்தில் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்: 'மணி அடிக்காதீர்கள். தட்டாதீர்கள். ஆள் தூங்குகிறார்.' திங்கட்கிழமை பத்தரை மணிக்கு அக்கா தன் வீட்டு வாசலில் பார்சலோடு நின்றார். அறிவிப்பைப் படித்தார். அதை மதித்தார். 'வந்தோம், பெற்றுக்கொள்ள ஆள் இல்லை' என்ற சீட்டை நிரப்பித் தன் கதவிடுக்கில் போட்டுவிட்டு, லென்ஸைத் திரும்ப என்னிடமே கொண்டு வந்தார்.

சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வீடு திரும்பியபோது, வீட்டுக்காரர் அந்தச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "உனக்கு ஏதோ வந்திருக்கும்மா, தபால்காரம்மா வந்துட்டுப் போயிருக்காங்க" என்று சொன்னாராம்.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. மூன்று தடவைதான் கொண்டுபோகலாம். பிறகு இரண்டு நாள் என் ஜன்னலில் இருக்கும். அப்புறம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். என் ஜன்னலில் வந்து வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். என் ஜன்னல் பத்திலிருந்து ஒன்று வரை. அக்காவின் நடை எட்டரையிலிருந்து இரண்டு வரை. நேரம் கழித்து ஜன்னலைத் திறந்து கொடுத்தால் வாங்க மாட்டார். போன வருஷம் நான் ஒன்று ஐந்துக்கு என் சித்தப்பாவுக்கு ஒரு பார்சல் கொடுத்ததற்கே புகார்ப் புத்தகத்தில் என் மேல் எழுதிப் போட்டவர் அவர். அதையெல்லாம் நான் மறப்பதாக இல்லை.

புதன்கிழமை விழித்திருப்பதாக வீட்டுக்காரர் சத்தியம் செய்தார். கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு காத்திருந்திருக்கிறார். பத்தரைக்கு அக்கா போய் ஜன்னல் வழியாகப் பார்த்தால், தலை பின்னால் சாய, வாய் திறந்தபடி தூங்குகிறார். பேனா மட்டும் கையில் தயாராக இருந்ததாம். ஒரு தட்டு தட்டினால் போதும்.

"தட்ட வேண்டியதுதானே அக்கா" என்று பல்லைக் கடித்தேன்.

"பாவம், எனக்காகப் பேனாவைப் பிடிச்சிட்டே தூங்கறார். எப்படித் தட்டறது?" என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் எனக்கே அந்த மனுஷர் மேல் பாசம் வந்துவிட்டது. மூன்றாவது சீட்டும் விழுந்தது.

வியாழக்கிழமை நான் கோபத்தில் முத்திரையை ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் வெள்ளி, அக்காவின் கடைசி நடை. அன்று ஒரு மணிக்கு என் ஜன்னல் மூடியதும் லென்ஸ் வந்த வழியே போய்விடும். எட்டு மாதம், ஜன்னல் உறை, அரைக் கிலோ படிவம், எல்லாம் எங்கள் அலுவலகத்து முத்திரையோடு திரும்பிப் போகும். அக்கா கடிதம் அடுக்கிக்கொண்டிருந்தார். விதிப் புத்தகத்தை வாழ்க்கையில் முதல் தடவையாக நானே எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். சட்டத்தைச் சட்டத்தால்தான் மடக்க வேண்டும். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் கிடைத்தது: பெறுபவர் எழுதிக் கொடுத்தால், பார்சலை அதே பீட்டில் வேறு முகவரிக்கு மாற்றி அனுப்பலாம்.

படிவத்தை நீட்டினேன். அக்கா இரண்டு பக்கமும் படித்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஓட்டை எதுவும் அகப்படவில்லை.

"பகல்ல எப்பவும் வீட்டுல இருக்கற ஆள் யாரு?" என்று கேட்டேன்.

அக்கா வெகுநேரம் பேனாவை மூடித் திறந்தார். பிறகு மூன்றாவது மாடி முகவரியை எழுதினார்.

வெள்ளிக்கிழமை நடந்ததை அக்கா சொன்னபடியே சொல்கிறேன். அவர் கூட்டியும் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார். பதினொன்றே காலுக்குக் கீழே நின்று குரல் கொடுத்தார். கூடை இறங்கியது. பார்சலையும் கையெழுத்துப் போடும் தாளையும் வைத்தார். கூடை ஏறியது.

"இது உங்க பேரா?" என்று மேலிருந்து கேள்வி வந்தது.

"ஆமா. கையெழுத்துப் போட்டுட்டு ரெண்டையும் கீழ விடுங்க. அது எனக்கு வந்த லென்ஸ். உங்களைத்தான் ஒரு படம் எடுக்கணும். இன்னிக்கு எனக்குக் கடைசி நாள்."

கூடை இறங்கியது. அதில் கையெழுத்துப் போட்ட தாள் மட்டும் இருந்தது.

"பார்சல்?"

"கையெழுத்துப் போட்டாச்சுல்ல, இப்ப அது என்னுது. வேணும்னா மேல வந்து வாங்கிக்கோங்க."

இதற்கு விதிப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் பதில் கிடையாது. கையெழுத்து விழுந்துவிட்டால் பார்சல் பெற்றவருடையது. இருபது வருஷமாக ஊருக்கே அக்கா சொல்லிக் கொடுத்த சட்டம்தான். தவிர, இப்போது கூப்பிட்டும் ஆயிற்று. பையை ஒரு கையிலும் கைப்பிடியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, ஐம்பத்து நாலு படி. திருப்பத்துக்குத் திருப்பம் நின்று நின்று ஏறினாராம்.

மேலே கதவு திறந்திருந்தது. இரண்டு பக்கமும் ஊன்றுகோல் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா. அக்காவின் வயதுதான் இருக்கும். மகாராணி என்று பெயர் வைத்ததை நினைத்து அக்காவுக்கு அங்கேயே கூசிப் போய்விட்டது.

அந்த அம்மாள்தான் முதலில் பேசியிருக்கிறார். "மேல இருந்து பாத்தா நீங்க நொண்டறது நல்லா தெரியும். முதல்ல என் காலைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, அப்புறம் உங்க காலைப் பாத்து ஏறச் சொல்ல மனசு வரல. இன்னிக்கும் கூப்பிடலன்னா அப்புறம் எப்பக் கூப்பிடறது?"

பெட்டியின் ஒட்டுத்தாளைத் தையல் கத்தரிக்கோலால் வெட்டி, அக்கா பையில் எடுத்து வந்திருந்த, எட்டு மாதமாகக் கண்ணில்லாமல் கிடந்த கேமராவில் லென்ஸை மாட்டினார்கள். அறை அத்தனூண்டு. மெஷின், துணிக்கட்டு, ஒரு கட்டில், அதற்குமேல் இரண்டு பேர் நிற்கவே திண்டாட்டம். முழம் வரை திருகினால் மூக்குத் துவாரம்தான் தெரிந்ததாம். பின்னால் நகரச் சுவர் விடவில்லை. கடைசியில் பதினெட்டில் வைத்து எடுத்தார்கள். மூக்கு நுனி. அந்தச் சின்ன ஜூமில் முதல் நாளே இருந்த அதே பதினெட்டு.

இரண்டரை மணிக்கு அலுவலகத்துக்கு வந்து, கேமராவின் சின்னத் திரையில் எனக்குக் காட்டினார். முதல் படத்தில் அந்த அம்மாள், அளவு நாடாவோடு, கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டு. நல்ல முகம். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

"எல்லாரும் முதல் நாளே சொன்னோம் அக்கா. சின்னதே போதும்னு."

"சின்னதுன்னா எட்டு மாசம் முன்னாடியே கடையில வாங்கிட்டு வந்திருப்பேன்" என்றார். "பார்சல் வந்திருக்காது."

நான் அடுத்த படத்துக்குத் தள்ளினேன். அதை அந்த அம்மாள் எடுத்திருக்கிறார். ஒரு பக்கம் சாய்ந்து, ஓரத்தில் விரல் விழுந்து, நடுவில் ஒரு பெண். யார் இது என்று ஒரு கணம் தெரியவில்லை. அமுங்கிப்போன நரைமுடி. நெற்றியில் குறுக்காக ஒரு கோடு. அதற்குக் கீழே இருபது வருஷ வெயில், மேலே குழந்தையின் நெற்றி மாதிரி வெளுப்பு. பதினான்கு வருஷம் எதிரே உட்கார்ந்தும் நான் பார்க்காத முகம்.

படத்தின் மூலையில் நேரம் இருந்தது. பதினொன்று நாற்பது.

"அக்கா, இது டியூட்டி நேரம். தொப்பி எங்க?"

புகார்ப் புத்தகத்தை எடுத்துத் தன் மேலேயே எழுதிப் போடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கேமராவை வாங்கி, திரையைச் சட்டையில் துடைத்தார்.

"ஒன்பது வருஷமா ஒரு தொப்பியோடதான் பேசிட்டு இருக்கேன்னு சொன்னாங்க" என்றார். "மூஞ்சியைப் பாக்கணும்னு கேட்டாங்க."